சீட்டு அடிக்காத எடை

காங்கேயத்தில் ஓர் அரிசி ஆலை எடைமேடையில்
ஏழு வருஷமாக நான்தான் கணக்கு.
உட்கார்ந்து பார்க்கிற வேலை.
லாரி ஏறும், சிவப்பு எண் துடிக்கும், அடங்கும்.
அடங்கினால்தான் சீட்டு.

போன ஐப்பசியில் அந்த எண்கள்
என்னிடம் பேசத் தொடங்கின.
காலி லாரிக்கும் என் பாவத்தைச் சேர்த்து
எடை சொல்லின.
தவிடு ஏற்றி வந்த சென்னியப்பனிடம்
"இதுல பாதி என்னுதுங்க, எறக்கீருங்க" என்று
அழுதேனாம்.

கலாமணி ஈரோட்டுக்குக் கூட்டிப்போனாள்.
மாத்திரையைப் பழிக்க மாட்டேன்.
மூன்றாம் வாரம் எண்கள் வாயை மூடின.
நாற்பது என்றால் வெறும் நாற்பது.

பிறகு கால்.

எப்படிச் சொல்ல.
வலி இல்லை, அரிப்பு இல்லை.
எலும்புக்குள் கொள்ளு வேகிறது.
உட்கார்ந்தால் எழு என்கிறது
எழுந்தால் நட என்கிறது
நடந்தால், இது இல்லை என்கிறது.
தட்டைக் கையில் ஏந்திக்கொண்டு
வாசலுக்கும் கட்டுத்தரைக்குமாக நடந்தே தின்றேன்.
எருமை கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு
சலித்துப் படுத்துக்கொண்டது.
"சித்த உக்காரு சாமி" என்றாள் அம்மா.
சித்த என்பது எவ்வளவு நீளம் என்று
அந்த மாதம்தான் தெரிந்தது.

சிவன்மலைத் தேருக்குப் போனோம்.
கூட்டத்தில் என் கண்கள் மேலே செருகி
இறங்க மறுத்தன. கழுத்து முறுக்கிக்கொண்டது.
எனக்குத் தெரிந்தது மின்கம்பி, ஒரு காக்காய், வெயில்.
"அருளுங்கோ!" என்று திருநீறு அள்ளி அடித்தார்கள்.
ஒருத்தி, மகளுக்கு எப்போ அமையும் என்று கேட்டாள்.
தடித்த நாக்கோடு ஏதோ உளறினேன்.
"வைகாசியிலயாம்" என்று
அவளாகவே நிம்மதியாகப் போனாள்.

டாக்டர் என் நடையைப் பார்த்து
நோய் கூடிவிட்டது என்றார்.
மாத்திரையைக் கூட்டினார்.
கொள்ளு பொங்கி வழிந்தது.

அந்த ராத்திரி, லாரி இல்லாத நேரம்,
நானே மேடையில் ஏறி நின்றேன்.
அறுபது. அறுபத்தைந்து. அறுபது. எழுபது.
அறைக்குள்ளிருந்து பொத்தானை அமுக்கிய
வாட்ச்மேன் மாரப்பண்ணன் எட்டிப் பார்த்தார்:
"நிக்கமாட்டீங்குதே."
கிணற்றுப் பக்கம் போகலாமா என்றது கால்.
கால்தான் கேட்டது.
எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.
அவர் எதுவும் கேட்கவில்லை. டார்ச்சை எடுத்துக்கொண்டு
நெல் காயும் களத்தைச் சுற்றி
விடிகிறவரை என்கூட நடந்தார்.
அவருக்கு முழங்காலில் வாதம்.

அடுத்த தடவை பெரிய டாக்டர் லீவு.
பயிற்சிக்கு வந்த பெண் ஒருத்தி,
செருப்பு வாருக்கு ஊக்கு குத்தியிருந்தாள்.
நான் நின்றபடி ஆடுவதைச் சும்மா பார்த்தாள்.
பிறகு கேட்டாள்:
"நடக்கோணும்னு மனசு சொல்லுதுங்களா, காலு சொல்லுதுங்களா?"
"காலுங்க."
கலாமணி சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள்.
அவள் தோள் குலுங்கியது.
இது நோய் முற்றினதில்லை, மருந்து பண்ணுகிற வேலை,
இதற்குப் பேர் இருக்கிறது என்றாள் அந்தப் பெண்.
சொன்ன பேர் மறந்துவிட்டது.
பேர் இருக்கிறது என்பது மறக்கவில்லை.

மருந்தைக் குறைத்தார்கள்.
படபடப்புக்குக் கொடுக்கிற சின்ன மாத்திரை ஒன்று
கூடச் சேர்ந்தது.
முழுக்கப் போனது என்று சொல்ல மாட்டேன்.
இடது கட்டைவிரல் இன்னும்
தனியாக எதையோ எண்ணுகிறது.
எண்களும் சில மதியங்களில் தொண்டையைக் கனைக்கும்.
நான் பேனாவை மூடித் திறப்பேன்.

நேற்றுச் சோறு கொண்டுவந்த கலாமணியைப்
பொத்தானருகில் நிறுத்திவிட்டு மேடையில் ஏறினேன்.
அறுபத்தைந்து. அறுபது. அறுபத்தைந்து.
அறுபத்தைந்து.
சீட்டு கிர்ரென்று வந்தது.
வண்டி எண்: காலி.
சரக்கு என்ற இடத்தில் எதைப் போடுவது என்று தெரியாமல்
'இதர' என்று அமுக்கியிருந்தாள்.
"கொழம்பு ஆறுது, வாங்க."

உட்கார்ந்தேன்.
பாதியில் ஒருமுறை எழுந்தேன்.
மறுபடி உட்கார்ந்தேன்.